மெம்பிஸ் நகரில் ஒரு பழைய கடை

அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் மெம்பிஸ் நகரில் வசிக்கும் மகளைப் பார்க்கச் சென்றிருந்தபோது, ஒரு நாள் மருமகன் எங்களை நூதனசாலைக்கு அழைத்துச் சென்றார். இளஞ்சிவப்புச் சலவைக் கல்லாலான மாளிகை அது. "மாமி, இது ஒரு கடைக்காரர் கட்டின வீடு" என்றார்.

அந்தக் கடைக்காரர் கிளாரன்ஸ் சாண்டர்ஸ். 1916 செப்டம்பரில் ஜெபர்சன் அவெனியூ 79ஆம் இலக்கத்தில் அவர் திறந்த முதற்கடையின் மாதிரியை உள்ளே அமைத்து வைத்திருக்கிறார்கள். பெயர் 'பிக்லி விக்லி'. பெயர்ப்பலகையில் பன்றித் தலையைக் கண்டு நான் முகம் சுளிக்க, மகள் சிரித்துவிட்டாள்.

அதற்கு முன்னர் அங்கும் நமது ஊர்க் கடைகளைப் போலத்தான். வாங்க வந்தவர் மேசைக்கு இப்பால் நின்று கேட்பார். கடையாள் எடுத்து, நிறுத்து, சுற்றிக் கொடுப்பார். சாண்டர்ஸுக்கு இது நேர விரயமாகவும் சம்பள விரயமாகவும் பட்டது. பொருட்களுக்கு விலை குறித்துத் தட்டுகளில் அடுக்கினார். வருபவர் கையில் கூடையைக் கொடுத்தார். நுழைய ஒரு சுழல்தடை, பிறகு வளைந்து வளைந்து செல்லும் ஒரே பாதை. உப்பு மட்டும் வாங்க வந்தவளும் எல்லாத் தட்டுகளையும் கடந்த பின்னரே காசு கொடுக்கும் இடத்துக்கு வரலாம்! இந்த அமைப்புக்கு 1917இல் ஆக்கவுரிமையும் பெற்றார். கடன் இல்லை, வீட்டுக்கு அனுப்புவதும் இல்லை; விலை குறைவு. சில ஆண்டுகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள்.

தகரப்பேணிகளைப் பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு எங்கள் தெருக் கடை ஞாபகம் வந்தது. சிறுமியாக நான் சாமான் துண்டுடன் போனால், எனக்குப் பின்னால் வந்த ஆண்களுக்கெல்லாம் கொடுத்த பிறகுதான் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். விலையும் ஆளுக்கொன்று. சாண்டர்ஸின் கடையில் அது நடக்காது. சீனியின் விலை எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் வாப்பா மௌத்தாகி உம்மா இத்தாவில் இருந்தபோது, அதே கடை முதலாளி நாங்கள் கேட்காமலே பையனிடம் அரிசி, பருப்பு, தேங்காய் அனுப்பிக்கொண்டிருந்தார். கொப்பியில் எழுதினார், உண்மைதான். நாலு மாதம் பத்து நாளும் முடியும்வரை அந்தக் கொப்பியை எங்கள் முன்னால் அவர் விரிக்கவில்லை. கடையாளை நீக்கிய கடையில் நமது வீட்டு நிலைமை யாருக்குத் தெரியும்?

சாண்டர்ஸ் 1923இல் பங்குச் சந்தைப் போராட்டத்தில் கம்பனியை இழந்தார். மாளிகையும் குடிபுகுமுன்னரே கைவிட்டுப் போனது. மனிதர் அடங்கவில்லை. 1937இல் இன்னொரு கடை: மாதிரிப் பொருளுக்கு அருகிலுள்ள துளையில் சாவியைப் போட்டால், வாங்கியவை ஓடும் பட்டியில் வந்து சேரும். இயந்திரம் அடிக்கடி பழுதானதால் அது நிலைக்கவில்லை. வாங்குபவரே கணக்கும் பார்த்துக்கொள்ளும் கடையொன்றைத் திட்டமிட்டிருந்த நிலையில் 1953இல் காலமானார்.

அவர் திறக்காத அந்தக் கடையை மாலையில் கண்டேன். மகள் சாமான் வாங்கும் இடத்தில், வாங்குபவர்களே இயந்திரத்தில் பொருளைக் காட்டிக் காசு செலுத்துகிறார்கள். ஆள் இருந்தது ஒரு மேசையில் மட்டும். அங்கே நீண்ட வரிசை.

"உம்மா, மெஷினுக்குப் போனா ரெண்டு நிமிஷம்" என்றாள் மகள்.

"நீ காருக்குப் போ, நான் வாறேன்" என்றேன்.

என் முறை வந்தது. அங்கிருந்த நடுத்தர வயதுப் பெண் முட்டைப் பெட்டியைத் திறந்து, ஒவ்வொன்றையும் அசைத்துப் பார்த்தாள். ஒன்று அடியில் ஒட்டியிருந்தது, உடைந்த முட்டை. வேறு பெட்டி எடுத்துவரச் சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் நின்றவர்களைக் காத்திருக்கச் சொன்னாள்.