பினாங்கு போகாத கப்பல்

எங்கள் நாற்பதாவது கல்யாண நாளுக்குப் பையன் எடுத்துக்கொடுத்த டிக்கெட். சிங்கப்பூரில் ஏறி, பினாங்கு பார்த்துவிட்டு, மறுபடி சிங்கப்பூர். மூன்று ராத்திரி. விளம்பரப் படத்தில் கப்பல் கல்யாணத்துக்கு வெள்ளையடித்த வீடு மாதிரி இருந்தது.

கிட்டப் போனதும் தெரிந்துவிட்டது. துறைமுகத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவனின் கண் முதலில் கப்பலின் மூக்கைத்தான் பார்க்கும். பெயின்ட்டுக்கு அடியில் பழைய பெயர் மேடு தட்டியிருந்தது. கப்பலின் பெயரை இரும்பில் பற்றவைத்திருப்பார்கள். விற்கும்போது தேய்த்து எடுத்தாலும் தழும்பு நிற்கும். இதில் இரண்டு பெயர்களின் தழும்பு, ஒன்றின்மேல் ஒன்றாக. அடுத்து இது போகிற இடம் குஜராத்தில் கப்பல் உடைக்கும் அலங்காகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அவளிடம் சொல்லவில்லை.

ஜன்னல் இல்லாத அறை. குழாயைத் திறந்தால் முதலில் டீ நிறத்தில் தண்ணீர். கார்ப்பெட்டில் காயாத துணியின் வாடை. எங்கள் பக்கத்து லிஃப்ட் ஓடவில்லை. அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு ஐந்து மாடி ஏறித்தான் சாப்பிடப் போனாள். நீச்சல்குளத்தை வலை போட்டு மூடியிருந்தார்கள். ராத்திரி முழுக்கக் கட்டில் நடுங்கியது. அறையைச் சுத்தம் செய்த பிலிப்பைன்ஸ் பையன் மட்டும் தங்கம். துண்டை யானையாக மடித்து வைத்துவிட்டுப் போவான். அதைப் பிரிக்க மனசில்லாமல் அவள் என் வேட்டியில் தலை துவட்டினாள்.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது பினாங்குக்காக. என் மாமனார் அங்கே குயின் ஸ்ட்ரீட் மாரியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் ஒரு கடையில் பதினோரு வருஷம் கணக்கு எழுதியவர். 1833-லிருந்து இருக்கும் கோயில். அதன் வாசலில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது.

இரண்டாம் நாள் காலை ஒலிபெருக்கியில் அறிவிப்பு. இயந்திரக் கோளாறு, வேகம் போதவில்லை, பினாங்கு கிடையாது. கவுன்ட்டரில் இருந்த பெண் டிக்கெட்டின் பின்பக்கத்துப் பொடி எழுத்தைக் காட்டினாள்: எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிடக் கேப்டனுக்கு உரிமை உண்டாம். துறைமுகக் கட்டணம் மட்டும் திரும்ப வரும். சட்டப்படி சரிதான். அதுதான் எரிச்சல்.

அவள் சண்டை போடவில்லை. மேல்தளத்துக்கு வந்தபிறகு கேட்டாள்: "ஏங்க, எங்கப்பா எந்தக் கப்பல்ல போனாரு?"

"ரஜூலா."

"அது புதுசா?"

அதுவும் கிழம்தான். 1926-ல் கட்டியது. அவர் 1958-ல் நாகப்பட்டினத்தில் ஏறியபோதே அதற்கு முப்பதைத் தாண்டிவிட்டது. 1973 வரை அந்த வழியில் ஓடியது.

"டெக்குல பாய் விரிச்சுப் படுத்துட்டுப் போனாராம். வாந்தியா எடுத்தாராம். ஆனா போய்ச் சேர்ந்துட்டாரே."

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? பினாங்கு எந்தப் பக்கம் என்று கேட்டாள். கப்பல் ஏற்கெனவே திரும்பியிருந்தது. பின்பக்கம் கையைக் காட்டினேன். அங்கே போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றாள். பக்கத்தில் பிங்கோ விளையாட்டுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

இறங்கும்போது அடுத்த பயணத்துக்குத் தள்ளுபடிக் கூப்பன் ஒன்று கொடுத்தார்கள். அதன் பின்பக்கத்தில் கடை இருந்த இடத்தைக் கேட்டு எழுதிவைத்திருக்கிறாள். தை பிறந்ததும் விமானத்தில் போவதாக இருக்கிறோம்.