ரோகிணிக்கு முன்னால் நின்ற சூரியன்

1980 பிப்ரவரி 16, சனிக்கிழமை. ஆரணியில் எங்கள் வீட்டுக் கதவு, சன்னல் எல்லாம் மதியமே சாத்தியாகிவிட்டது. தயிர்ச் சட்டிமேல் தர்ப்பையைப் போட்டுவிட்டுப் பாட்டி சுவரோரம் உட்கார்ந்துகொண்டாள். முழு கிரகணம் கர்நாடகம், ஆந்திரம் வழியாகப் போனது, எங்களுக்குப் பகுதிதான். ஆனாலும் ஓட்டு இடுக்கு வழியே தரையில் விழுந்த வெயில் வட்டங்கள் ஒவ்வொன்றாகப் பிறையாகி மெலிந்தன. கூடம் முழுக்கப் பிறைகள். தங்கை அவற்றை உள்ளங்கையில் ஏந்தியபடி திரிந்தாள்.

அன்று அமாவாசை. ராத்திரி, பள்ளியில் இயற்பியல் நடத்திய சின்ன மாமா எங்களை வாசலுக்குக் கூட்டிவந்து, உச்சியில் ரோகிணியையும் அதையொட்டி ஆங்கில 'V' எழுத்தைப்போல் கிடந்த சிறு நட்சத்திரங்களையும் காட்டினார்.

"1919 மே 29, முழு கிரகணம். அன்னைக்குச் சூரியன் இந்தக் கூட்டத்துக்கு முன்னால நின்னுச்சு."

சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி வளைகிறதா என்று பார்க்கப் பகலில் நட்சத்திரம் தெரிய வேண்டும், அதுவும் சூரியனுக்குப் பக்கத்தில். அந்தக் காலத்தில் கிரகணம் தவிர வேறு வழியில்லை. பிரின்சிபி தீவில் வானியலாளர் எடிங்டன் இருந்தார். அங்கே காலையில் மழை, அப்புறம் மேகம். பிரேசிலின் சோப்ராலில் இன்னொரு குழு. எனக்கு இவர்கள்மேல்தான் பிரியம். கிரகணத்தோடு ஊர் திரும்பாமல் ஜூலைவரை பிரேசிலிலேயே காத்திருந்து, சூரியன் விலகிப்போன பின் விடியலுக்கு முன் அதே நட்சத்திரங்களை மறுபடி படமெடுத்தார்கள். இரண்டு முறையும் படம் பதிந்த கண்ணாடித் தட்டுகளை ஒப்பிட்டால்தானே நட்சத்திரம் இடம் மாறித் தெரிந்தது விளங்கும்!

சூரிய விளிம்பை உரசி வரும் ஒளி 1.75 விநாடிக் கோணம் வளையும் என்பது ஐன்ஸ்டைன் கணக்கு. நியூட்டன் வழியில் போட்டால் அதில் பாதி. மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு ரூபாய் நாணயம் எவ்வளவு தெரியுமோ, அவ்வளவுதான் அந்த வளைவு. அதை அளந்து, நவம்பர் 6 அன்று லண்டனில் ஐன்ஸ்டைன் பக்கம் தீர்ப்புச் சொன்னார்கள்.

"ஒளிக்கு எடையே கிடையாதே மாமா, சூரியன் எதைப் பிடிச்சு இழுக்கும்?"

"இழுக்கலடா. தன்னைச் சுத்தி இருக்கிற வெளியையும் நேரத்தையுமே வளைச்சு வச்சிருக்கு. ஒளி அதுல தனக்கு நேரான வழியிலதான் வருது."

"அப்போ நம்ம டார்ச் வெளிச்சம்?"

"அதுவும் வளையும். ஆனா அளந்து பாக்க இந்தப் பூமியோட கனம் பத்தாது."

உடனே டார்ச்சை வாங்கி ரோகிணியை நோக்கி அடித்தேன்.