ஹெல்ப்! - மோதிரமும் சிதாரும்

1964-ல் கறுப்பு வெள்ளையில் வந்த 'எ ஹார்ட் டேஸ் நைட்' ஓடோ ஓடென்று ஓடியது. விடுவார்களா? அடுத்த வருஷமே அதே இயக்குநர் ரிச்சர்ட் லெஸ்டர், அதே பீட்டில்ஸ் நால்வர், இந்த முறை கலரில். ஆஸ்திரியப் பனிமலை, பஹாமாஸ் கடற்கரை என்று ஊர் சுற்றி எடுத்த அந்தப் படம்தான் 'ஹெல்ப்!' (1965).

கதை, காதில் பூ ரகம். கிழக்கத்திய பூசாரிக் கூட்டம் ஒன்று நரபலி கொடுக்கக் கிளம்புகிறது. தெய்வத்தின் பெயர் கைலி! (கட்டிக்கொள்ளும் கைலி இல்லை, காளியைத்தான் இப்படித் திரித்திருக்கிறார்கள்.) பலிக்கான மோதிரமோ ரிங்கோவின் விரலில் மாட்டிக்கொண்டு கழல மாட்டேன் என்கிறது. பிறகென்ன, துரத்தல்தான். நால்வரும் நாலு வாசல் வழியே நுழைய, உள்ளே பார்த்தால் ஒரே வீடு. அந்தக் காட்சிக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும். படத்தைத் தையல் மிஷின் கண்டுபிடித்த எலியாஸ் ஹோவுக்குச் சமர்ப்பித்திருக்கிறார்கள். ஏன் என்றெல்லாம் கேட்கக் கூடாது.

பூசாரிகளாக லியோ மெக்கெர்ன் முதலான வெள்ளைக்காரர்களே வேஷம் கட்டியிருப்பது இப்போது பார்க்க நெருடுகிறது. சொந்தப் படத்திலேயே துணை நடிகர்கள் ஆகிவிட்டோம் என்று லெனான் பிற்பாடு குறைபட்டுக்கொண்டார். நியாயமான குறைதான்.

ஆனால் பாட்டுகள்! தலைப்புப் பாட்டு ஒலிக்கும்போது பூசாரி திரையில் தெரியும் பீட்டில்ஸ் மீது டார்ட் எறிந்துகொண்டிருப்பார். அந்தக் கூத்தில், பாட்டு என்ன சொல்கிறது என்றே கவனிக்கத் தோன்றாது. புகழின் உச்சியில் இருந்த ஒருவன் நிஜமாகவே உதவி கேட்கிறான். இது தன் சொந்தக் கதறல் என்று லெனானே பின்னாளில் சொன்னார். விற்பனைக்காக வேகத்தைக் கூட்டிவிட்டார்கள் என்ற வருத்தமும் அவருக்கு இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை கேட்டால் அந்த வருத்தம் புரியும்.

இங்கிலாந்து ஆல்பத்தில் 14 பாட்டுகள். முதல் பக்கத்து ஏழுதான் படத்தில் வருபவை. பால் தனியாக கிடாருடன் பாட, நாலு தந்தி வாத்தியங்கள் மட்டும் துணைக்கு வரும் 'எஸ்டர்டே' இரண்டாம் பக்கத்தில் இருக்கிறது. அமெரிக்காவிலோ அந்தப் பக்கத்தையே தூக்கிவிட்டு, கென் தார்னின் பின்னணி இசையைச் செருகி விற்றார்கள். அநியாயம்! அதில் 'எ ஹார்ட் டேஸ் நைட்' மெட்டு சிதாரில் வரும். அது மட்டும் சுவாரஸ்யம்.

அந்தச் சிதார்தான் விஷயமே. இந்திய ஹோட்டல் காட்சிக்காக வாத்தியக்காரர்களை வரவழைத்திருந்தார்கள். செட்டில் கிடந்த சிதாரை ஜார்ஜ் ஹாரிசன் சும்மா எடுத்துப் பார்த்தார். அதே 1965 டிசம்பரில் 'நார்வீஜியன் வுட்' பாட்டில் அவரே சிதார் வாசித்தார். 1966-ல் ரவி சங்கரிடம் சிஷ்யராகிவிட்டார்.

இன்னொரு வேடிக்கை. படத்தில் போலிச் சாமியார்கள் துரத்திக்கொண்டிருக்க, பஹாமாஸ் படப்பிடிப்புக்கு நிஜமாகவே ஒரு சாமியார் வந்து நால்வருக்கும் ஆளுக்கொரு யோகா புத்தகம் கொடுத்துவிட்டுப் போனார். அவர் சுவாமி விஷ்ணுதேவானந்தா. திருநெல்வேலிப் பக்கம் பத்தமடையில் பிறந்த சுவாமி சிவானந்தரின் சீடர். சிவானந்தர் ஆசிரமம் அமைத்த அதே ரிஷிகேஷுக்கு 1968-ல் நால்வரும் மூட்டை கட்டிக்கொண்டு போனார்கள். அது தனிக் கதை.