ஜயன்ட் ரோபோவுக்கு கரெண்ட் எங்கேர்ந்து வந்துச்சு?

கொசுவத்தி சுத்தறதுல ரெண்டு வகை இருக்கு. நல்லா இருந்த விஷயங்களைப் பத்தி சுத்தறது ஒண்ணு. இளையராஜா பாட்டு, பாட்டி வெச்ச வத்தக்குழம்பு, இத்யாதி. நல்லாவே இல்லாத விஷயங்களைப் பத்தி சுத்தறது இன்னொண்ணு. இது ரெண்டாவது வகை. பிடிக்காதவங்க இப்பவே எஸ்கேப் ஆகிடலாம் :-)

எண்பதுகள்ல தூர்தர்ஷன்ல 'ஜயன்ட் ரோபோ' பார்த்தவங்க யாராவது இருக்கீங்களா? 1967-68ல ஜப்பான்ல டோயி கம்பெனி எடுத்த சீரியல். மொத்தம் 26 எபிசோட். அதை இங்க்லீஷ்ல டப் பண்ணி 'ஜானி சோக்கோ அண்ட் ஹிஸ் ஃப்ளையிங் ரோபோ'ன்னு பேர் வெச்சு, அது ஊரெல்லாம் சுத்திட்டு சுமார் இருபது வருஷம் கழிச்சு நம்ம வீட்டுக்கு வந்து சேர்ந்தது. கில்லட்டின்னு ஒரு வில்லன், வேற கிரகத்துலேர்ந்து வந்த பேரரசர். அவனோட கூட்டம் ஒரு விஞ்ஞானியைப் பிடிச்சு வெச்சு, எகிப்து மன்னர் சிலைக்கு இரும்பு சட்டை போட்ட மாதிரி ஒரு ராட்சச ரோபோ செய்ய வைக்குது. அணுகுண்டு வெடிச்சாத்தான் அந்த ரோபோவுக்கு உயிர் வரும். அதோட கன்ட்ரோல் ஒரு கைக்கடிகாரத்துக்குள்ள இருக்கு. முதல்ல யார் குரலைக் கேக்குதோ அவங்களுக்கு மட்டும்தான் கட்டுப்படும். அந்தக் குரல் ஒரு பொடியனோடதா அமைஞ்சுடுது. அவ்வளவுதான் கதை. மீதி எல்லாம் வாரம் ஒரு ரப்பர் பூதம்.

மொக்கைன்னா மொக்கை, அப்படி ஒரு மொக்கை. பேசறவங்க வாய் மூடினப்புறமும் வசனம் ஓடிக்கிட்டிருக்கும். ரோபோ பறக்கறப்ப பொம்மைன்னு அப்பட்டமா தெரியும். இதெல்லாம் இப்ப யூட்யூப்ல பார்க்கறப்ப தெரியுது. அப்ப தெரியலை. அதுக்குக் காரணம் எங்க வயசு மட்டும் இல்லை, எங்க டிவியும்தான்.

குரோம்பேட்டையில பெரியப்பா வீட்டுலதான் எங்க கூட்டத்துக்கே டிவி. சாலிடேர், டயனோரான்னு மெட்ராஸ்லயே டிவி செஞ்ச காலம் அது. இதுவும் ஒரு மெட்ராஸ் டிவிதான் (பேர் வேண்டாம், பாவம்). இருபது இஞ்ச், பிளாக் அண்ட் ஒயிட், மரப்பெட்டி, முன்னாடி இழுத்து மூடற ஷட்டர். பெரியம்மா அதுக்குப் பூட்டு கூட வெச்சிருந்தாங்க. ஷட்டர் திறந்து சுவிட்சைப் போட்டா முதல்ல சத்தம் வரும், படம் நிதானமா பின்னாடி வரும். காக்கா ஆன்டெனாவுல உக்காந்தா ஸ்போக் ரெண்டு ஆளா தெரிவார். படம் உருள ஆரம்பிச்சா பின்னாடி இருக்கற குமிழைத் திருகணும். அதுக்கும் அடங்கலேன்னா பக்கவாட்டுல ஒரு தட்டு.

இந்தத் தட்டு மேட்டர்ல விஞ்ஞானம் இருக்குங்க. போர்டுல ஏதோ ஒரு இடத்துல பத்தவெச்சது விட்டுப் போயிருக்கும். மெக்கானிக் பாஷையில டிரை சால்டர். கண்ணுக்குத் தெரியாத மயிரிழை விரிசல். தட்டினா அது ஒட்டிக்கும், சூடானா மறுபடி விலகும். எங்கே தட்டணும், எவ்வளவு பலமா தட்டணும்னு அந்த வீட்டுல ஒருத்தருக்குத்தான் தெரியும். பெரியப்பா பையன், எங்க எல்லாருக்கும் அண்ணன். பத்தாவது முடிச்சதும் டிவி மெக்கானிசம் கத்துக்கிட்டு, பின்னாடி அதே ஏரியாவுல கடையும் போட்டார்.

இன்னொரு விஷயமும் சொல்லணும். அந்த டிவி ஓடறப்ப 'கீ...'ன்னு ஒரு மெல்லிசான சத்தம் வரும், ஞாபகம் இருக்கா? நம்ம ஊர் சிஸ்டத்துல ஒரு படத்துக்கு 625 கோடு, செகண்டுக்கு 25 படம். பெருக்கினா 15,625. ட்யூபுக்குள்ள அந்தக் கதிர் செகண்டுக்கு அத்தனை கோடு இழுக்குது, அந்த வேகத்துல உள்ளே இருக்கற டிரான்ஸ்ஃபார்மர் அதிர்ற சத்தம்தான் அது. சின்ன வயசு காதுக்குத்தான் கேக்கும். தெருவுல போறப்பவே எந்த வீட்டுல டிவி ஓடுதுன்னு எங்களால சொல்ல முடியும். பெரியவங்க நம்பவே மாட்டாங்க.

நிற்க. விவாதத்துக்கு வரேன்.

மேல் போர்ஷன்ல ஒரு மாமா இருந்தார், பேங்க்ல வேலை. ஞாயித்துக்கிழமை காலையில 'ஸ்டார் ட்ரெக்' போடறப்ப சவரம் பண்ணிக்கிட்டு, பனியனோட கீழே வந்து சேர்ல உக்காருவார். அவரைப் பொறுத்தவரைக்கும் ஸ்டார் ட்ரெக் விஞ்ஞானம், ஜயன்ட் ரோபோ குப்பை. "இது சயின்ஸ்டா, அது பூச்சாண்டி" அப்டீம்பார். அண்ணன் விடமாட்டார். "மாமா, ஆளைக் கரைச்சு இன்னொரு எடத்துல நிறுத்தறான். அது எந்த சயின்ஸ்ல வருது?"ன்னு கேப்பார். மாமா வாயிலேர்ந்து அணு, அலை, ஐன்ஸ்டைன்னு என்னென்னமோ வரும்.

இப்ப அந்த மாமா இருந்திருந்தா நான் ஒரு கை பார்த்திருப்பேன். அந்த ஆளைக் கரைக்கற மெஷின் வந்த கதையே வேற. வாரா வாரம் விண்கலத்தைத் தரையிறக்கிக் காட்ட அவங்ககிட்ட காசு இல்லை. செலவைக் குறைக்கறதுக்காக யோசிச்ச ஐடியா அது. டாக்டர் மெக்காய் கையில பளபளன்னு ஒரு கருவி வெச்சு நோயாளி மேல ஆட்டுவாரே? உப்பு தூவற குப்பிங்க அது! 1966ல வந்த ஒரு எபிசோடுக்காக வாங்கினாங்க. பார்த்தா உப்புக் குப்பி மாதிரியே இல்லைன்னு, டாக்டர் கையில கொடுத்துட்டாங்க. கப்பல்ல குண்டு விழுந்தா கேமராவைச் சாய்ப்பாங்க, நடிகர்கள் எல்லாம் தானே ஒரு பக்கமா போய் விழுவாங்க. 1968 செப்டம்பர்ல வந்த 'ஸ்போக்ஸ் பிரெய்ன்' எபிசோட்ல ஸ்போக்கோட மூளையை யாரோ திருடிட்டுப் போயிடறாங்க. மூளையில்லாத உடம்பை ரிமோட் வெச்சு நடக்க விட்டு கூட்டிக்கிட்டுப் போறாங்க, அவரோட மூளையைத் தேட! இதுக்கு நம்ம ரோபோ எவ்வளவோ தேவலை.

ஹிந்தியில 'ஸ்பேஸ் சிட்டி சிக்மா'ன்னும் ஒண்ணு வந்தது, ஸ்டார் ட்ரெக்கைப் பார்த்து சூடு போட்டுக்கிட்டது. எங்க கூட்டத்துல ஒருத்தருக்கும் ஹிந்தி தெரியாது. அதனால கதையை நாங்களே சொல்லிக்கிட்டோம். நாங்க சொன்ன கதை கண்டிப்பா அவங்க எடுத்ததை விட நல்லா இருந்திருக்கும் :-)

இதுலதான் எனக்கு ஒரு சந்தேகம். நல்ல சீரியலைப் பத்தி நாங்க பேசினதா ஞாபகமே இல்லை. பார்த்தோம், நல்லா இருந்துச்சு, சாப்பிடப் போயிட்டோம். ஓட்டை இருக்கற சீரியலுக்குத்தான் மறுநாள் முழுக்க பேச்சு. அதுலயும் பாதி ஓட்டை கதையில இல்லை. கரெண்ட் கட்ல போன பத்து நிமிஷம், காக்கா உக்காந்தப்ப போன அஞ்சு நிமிஷம், தட்டறதுக்குள்ள போன ரெண்டு நிமிஷம். திரும்பப் போட்டுப் பார்க்க வழி கிடையாது. என்ன ஆச்சுன்னு தெரிஞ்சுக்க ஆளுக்கு ஆள் சண்டை போட்டுத்தான் ஆகணும். இப்ப என் பொண்ணுகிட்ட ஒரு சீன் பத்தி வாதம் பண்ணினா, ரெண்டே நிமிஷத்துல போன்ல அந்த சீனை எடுத்து மூஞ்சிக்கு நேரா காட்டறா. வாதம் ஓவர்.

ஆனா ஒரு வாதம் மட்டும் வீடியோ போட்டுக் காட்டியும் தீரலை. ஜயன்ட் ரோபோ கடைசி எபிசோட்.

ரோபோவோட சக்தி எல்லாம் தீர்ந்து போய் சும்மா நிக்குது. கில்லட்டின் ராட்சச உருவம் எடுத்து வரான். அவன் உடம்பு முழுக்க அணுசக்தி, சுட்டா பூமியே காலி. பையன் செய்வதறியாம நிக்கறான். அப்ப ரோபோ தானாவே உயிர் வந்து, யாரும் ஆர்டர் போடாம, அவனைக் கட்டிப் பிடிச்சுத் தூக்கிக்கிட்டு மேல பறக்குது. திரும்பி வா, திரும்பி வான்னு பையன் வாட்ச்சுல கத்தறான். வராது. விண்வெளியில ஒரு பாறையில போய் மோதி ரெண்டு பேரும் காலி.

அன்னிக்கு அந்த ஹால்ல அழாத பசங்க கிடையாது. வெளியில வந்ததும் நான் கேட்ட முதல் கேள்விதான் தலைப்புல இருக்கறது. சார்ஜே இல்லேன்னு இப்பத்தானே சொன்னான்? அப்புறம் எப்படிப் பறந்துச்சு? ஏமாத்து வேலைன்னு நான். "மிச்சம் இருந்திருக்கும்டா"ன்னு அண்ணன். அப்ப நான் ஆறாவது. இப்ப ரெண்டு பேருக்கும் தலை நரைச்சாச்சு, இன்னும் அதே சண்டைதான்.

நடுவுல அண்ணன் வாழ்க்கை எங்கெங்கேயோ போயிட்டுது. மீட்டர் கேஜ் ரயில் பிடிச்சு ரிச்சி தெருவுக்குப் போய் ஐ.சி.யும் கண்டென்சரும் வாங்கிட்டு வருவார். 2006ல கவர்ன்மென்ட் இலவச கலர் டிவி கொடுக்க ஆரம்பிச்சப்ப, சின்ன டிவிதான், ஆனா தெருவுக்குத் தெரு வேலை வந்தது. அப்புறம் தட்டை டிவி வந்தது. பேனல் போச்சுன்னா அதை மாத்தற காசுல புதுசே வாங்கிடலாம். யார் ரிப்பேருக்குக் கொண்டு வருவா? கொஞ்ச நாள் செட்டாப் பாக்ஸ், மிக்ஸின்னு ஓட்டினார். அப்புறம் ஷட்டரை இறக்கிட்டார், கடை ஷட்டரை.

போன வருஷம் பெரியம்மாவும் போனதுக்கப்புறம் வீட்டை விக்கறதுன்னு முடிவாச்சு. சாமானை ஒதுக்கறப்ப பரண்லேர்ந்து அந்த டிவி இறங்கிச்சு. நான் எடுத்துக்கறேன்னேன். அண்ணன் ஒத்துக்கலை.

"உனக்கு என்னடா, நீ முன்னாடி உக்காந்து பாத்தவன். நான் பின்னாடி உக்காந்தவன். இதைத் தூக்கித் தூக்கித்தான் என் முதுகு போச்சு. ரெண்டு தடவை ஷாக் அடிச்சு செவுத்துல போய் விழுந்திருக்கேன். வேணாம், போடு காயலான் கடைக்கு."

எனக்கு பதில் வரலை. பழைய டிவி பத்தி உருகி உருகி எழுதற நாம எல்லாருமே முன்னாடி உக்காந்தவங்கதான்.

கடைக்காரர் வந்து பார்த்தார். காயில்ல இருக்கற செம்புக்குத்தான் காசு, ட்யூப் கண்ணாடியில ஈயம் இருக்கு, அதை யாரும் வாங்க மாட்டாங்கன்னுட்டார். சரி, கடைசியா ஒரு தடவை போட்டுப் பார்ப்போம்னு நான் கெஞ்சினேன். அண்ணன் முனகிக்கிட்டே ரெண்டு கண்டென்சர் மாத்தி ப்ளக்கைச் சொருகினார். வந்துடுச்சுங்க! படம் எங்கே வரும்? தூர்தர்ஷனோட பழைய டவர்கள்ல பெரும்பாலானதை 2022 மார்ச்சுக்குள்ள நிறுத்திட்டாங்க. வெறும் புள்ளிதான், உஸ்ஸுன்னு சத்தத்தோட. அந்தப் புள்ளியில ஒரு சின்ன பங்கு, பிரபஞ்சம் பிறந்தப்ப கிளம்பின வெப்பத்தோட மிச்சம். 1965ல பென்சியாஸ், வில்சன்னு ரெண்டு பேர் ஆன்டெனாவுல இரைச்சல் போகமாட்டேங்குதுன்னு தேடிக் கண்டுபிடிச்சது அதைத்தான். ஸ்டார் ட்ரெக்கை விடப் பெரிய கதை, சேனலே இல்லாத இடத்துல ஓடிக்கிட்டிருந்திருக்கு. என் பொண்ணு மட்டும் காதைப் பொத்திக்கிட்டு, "என்னப்பா இது கீன்னு கத்துது?"ன்னா. எனக்கும் கேக்கலை, அண்ணனுக்கும் கேக்கலை.

அப்புறம் ஆஃப் பண்ணி, ப்ளக்கைப் பிடுங்கி, காப்பி குடிச்சுட்டு வந்து பின்பக்கத்தைக் கழட்டினார். கடைக்காரப் பையன் கையை உள்ளே விடப் போனான். அண்ணன் அவன் மணிக்கட்டைப் பிடிச்சு இழுத்துட்டார். ஸ்க்ரூ டிரைவர்ல ஒரு ஒயரைக் கட்டி, மறுமுனையை எர்த்துல மாட்டி, ட்யூப் பக்கவாட்டுல இருக்கற ரப்பர் மூடிக்கு அடியில நுழைச்சார். 'டப்'புன்னு ஒரு நீலப் பொறி. பையன் ஓரடி பின்னாடி குதிச்சான்.

"பார்த்தியா, ட்யூபே ஒரு கண்டென்சர்தான். ப்ளக்கைப் பிடுங்கினப்புறமும் வெச்சிருக்கும். உன் ரோபோவுக்கு கரெண்ட் எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டுக்கிட்டே இருந்தியே?"

ராத்திரி உக்காந்து கணக்கு போட்டேன். அந்த ட்யூப்ல சுமாரா 15,000 வோல்ட் வெச்சுப் பார்த்தாலும், மிச்சமிருக்கற சக்தி ஒரு எலுமிச்சம்பழத்தை ஓரடி தூக்கறதுக்குத்தான் காணும். கில்லட்டினைத் தூக்கிக்கிட்டு விண்வெளிக்கா? சான்ஸே இல்லை. மொக்கை மொக்கைதான். அப்பவே போன் பண்ணிச் சொன்னேன்.

"எலுமிச்சம்பழத்துக்கு ட்யூப் சைஸ் போதும். ரோபோ எவ்வளவு பெருசு? அதோட கண்டென்சர் எவ்வளவு பெருசா இருக்கும்? அதைப் போட்டியா கணக்குல?" அப்டீன்னுட்டு வெச்சுட்டார்.

ரோபோவோட உயரம் தேடிக்கிட்டிருக்கேன்.