கூதிர் காலத்து நடை



ஐப்பசியும் கார்த்திகையும் தமிழர் வகுத்த பெரும்பொழுதுகளில் கூதிர்காலம். அதன் வாயிலில், வடகிழக்குப் பருவமழை இறங்குமுன், கடலூருக்குச் சில நல்ல விடியற்காலைகள் வாய்க்கின்றன. பணி ஓய்வுக்குப்பின் என் மனைவியும் நானும் அவற்றைத் தேவனாம்பட்டினத்து சில்வர் பீச்சில் நடந்து கழிக்கிறோம்.

அருகே கெடிலத்தின் கரையில் புனித டேவிட் கோட்டையின் எச்சங்கள் உள்ளன. 1690-இல் கிழக்கிந்தியக் கம்பெனியார் மராட்டியரிடம் இக்கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு விழும் எல்லைவரை நிலம் அவர்களுக்கு என்று உடன்பாடாயிற்று. குண்டு உப்பலவாடி என்னும் ஊர்ப்பெயர் இன்றும் அதற்குச் சாட்சி. 1758-இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைக் கைப்பற்றினர். பழஞ்சுவர்களைப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. பறவைகளைப் பார்ப்பது அவளுடையது. சுவர் ஓடிவிடாது, பறவை காத்திராது. ஆகவே நின்று காத்திருக்கும் வேலை எப்போதும் என்னுடையதே.

ஆண்டுதோறும் மழைக்குமுன் நண்பர் குடும்பங்கள் நான்கும் சேர்ந்து சிதம்பரம் செல்வோம். திருப்பாதிரிப்புலியூரில் ரயிலேறினால் பரங்கிப்பேட்டையைக் கடந்ததும் வெள்ளாற்றுப் பாலம் வரும். அங்கே ஓய்வூதியப் பேச்சு தானாக நின்றுவிடும். முன்பெல்லாம் பெண்கள் பின்னிரவிலேயே எழுந்து கட்டுச்சோறு கட்டுவார்கள். பணி ஓய்வு என்பது நம் வீடுகளில் பெரும்பாலும் ஆண்களுக்கே வருகிறது. அடுப்படிக்கு அந்த உத்தரவு வருவதில்லை. எனவே கட்டுச்சோறு கூடாது என்று பெண்களே தீர்மானித்தார்கள். இப்போது சிதம்பரத்தில் இட்லியும் கத்தரிக்காய்க் கொத்சும்தான். நல்ல தீர்மானம், கொத்சும் நன்று.

அங்கிருந்து பிச்சாவரம். மோட்டார்ப் படகு நுழைய முடியாத குறுகிய கால்வாய்களில் துடுப்புப் படகு செல்லும். சுரபுன்னையின் வேர்கள் இருபுறமும் நீருக்குள் கால் ஊன்றி நிற்கும். சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த மரமும் இக்காட்டைச் சேர்ந்ததே. அதன் பால் கண்ணில் பட்டால் எரிக்கும் என்று படகோட்டி ஒவ்வோர் ஆண்டும் எச்சரிப்பார். 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை வந்தபோது இக்காடு தன் பின்னாலிருந்த சிற்றூர்களுக்கு அரணாயிற்று.

சென்ற பங்குனியில் எங்கள் நால்வரில் ஒருவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். புரட்டாசியில் பயணப் பேச்சு எழுந்தபோது அவருடைய மனைவி, "ஜோடியாய்ப் போகிற இடத்துக்கு நான் எதற்கு அக்கா? உங்களுக்கும் சங்கடம்" என்றார். அவரைச் சங்கடப்படுத்தக் கூடாது என்று நண்பர்களும் தயங்கினார்கள். இரக்கம்போலத் தோன்றும் இந்தத் தயக்கம்தான் துணையை இழந்தவர்களை மெல்ல வீட்டுக்குள் அடைத்துவிடுகிறது என்பது என் எண்ணம். விதவைகளை விசாரிப்பதைப் பற்றிப் பிரசங்கிப்பது எளிது. அதைப் படகில் ஓர் இருக்கையாக மாற்றியவள் என் மனைவி. மூன்று மாலைகள் அவர் வீட்டுத் திண்ணையில் போய் அமர்ந்தாள். பயணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லையாம். மூன்றாம் மாலை அவரே கேட்டார்: "எந்த ரயில்?"

ஒரே ஒரு நிபந்தனை விதித்தார். தம் பயணச்சீட்டுக்கும் படகுக்கும் தம் பங்கைத் தாமே தருவார். யாரும் மறுக்கக் கூடாது. நண்பரொருவர் மறுக்க வாயெடுத்தார். என் மனைவி அவரைப் பார்த்த பார்வையில் அடங்கிவிட்டார். வரும் சனிக்கிழமை ஏழு பேர் புறப்படுகிறோம். மழை மட்டும் இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.