ஈப்போவில் இரண்டு கிழவர்கள் ஆடிய டென்னிஸ்



டென்னிஸ் மட்டையோடு நான் நிற்கும் படத்தைப் பேத்தி போட்டாலும் போட்டாள், மூன்று நாளாகப் போன் ஓயவில்லை. "சார், எங்களுக்குக் கணக்குதானே எடுத்தீங்க, டென்னிஸ் எப்போ?" என்று 1994 செட் பிள்ளைகள் கேட்கிறார்கள். "66 வயசுல மலேசியாவுக்குப் போய் ஓடி விழுந்து வெச்சா யாரு பாக்கிறது?" என்று என் அக்கா கேட்கிறார். எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுமையாகப் படியுங்கள்.

1977இல் ஆசிரியர் பயிற்சிப் பள்ளி விடுதியில் எனக்கு அறைத் தோழனாக வந்தவன் மலேசியாவில் பிறந்தவன். ஈப்போ நகரில் புந்தோங் என்ற பகுதியில் அவன் அப்பாவுக்குக் கச்சாங் பூத்தே வியாபாரம். வேறொன்றும் இல்லை, நம்ம ஊர் முறுக்கு, காராச்சேவு, வறுத்த கடலை வகையறாதான். அங்கே மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் விரும்பிக் கொறிப்பார்கள். தமிழ் நன்றாக வரட்டும் என்று பையனை இங்கே பாட்டி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள்.

விடுதிக்குப் பின்னால் ஆபீசர்ஸ் கிளப். சாயங்காலம் பந்து பொறுக்கப் போட ஆள் தேடினார்கள். கைச்செலவுக்கு ஆகும் என்று இருவரும் போனோம். பெரியவர்கள் ஆடி முடித்துப் போன பிறகு, அங்கிருந்த மார்க்கர் அண்ணன் பழைய மர மட்டைகளைக் கொடுத்து எங்களை ஆட விடுவார். சாணி மெழுகிய தரை, வெறுங்கால். "மட்டையைக் கழுத்தைப் பிடிச்சு நெரிக்காதே, கை குலுக்குற மாதிரி பிடி" என்பார். 1960இலும் 1961இலும் விம்பிள்டன் அரையிறுதி வரை போன ராமநாதன் கிருஷ்ணன் கதையைச் சொல்லிச் சொல்லியே எங்களை ஓட வைத்தவர் அவர்.

1980இல் அப்பாவுக்கு முடியவில்லை என்று நண்பன் ஊருக்குப் போனான். கடையைப் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். ஏரோகிராம் கடிதம் போய், போன் வந்து, வாட்ஸ்அப் வந்தது. எது வந்தாலும் எங்கள் பேச்சு கடைசியில் டென்னிஸில்தான் முடியும். அவனும் அங்கே விடாமல் ஆடினான், நானும் இங்கே ஆடினேன். பள்ளிக்கூடம் விட்ட பிறகு நான் எங்கே போகிறேன் என்று உங்களில் யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அவ்வளவுதான்.

போன வருஷம் அவன் மகள் கூப்பிட்டாள். "மாமா, அப்பாவுக்கு மறதி நோய்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆரம்ப நிலைதான். ஆனா வீட்டை விட்டு வெளிய வரவே மாட்டேங்கிறாரு. யாராவது ஏதாவது கேட்டு, பதில் தெரியாம முழிச்சா அசிங்கமாயிடும்னு பயப்படுறாரு. டென்னிஸுக்கும் போறதில்லை. கிளப்ல வயசானவங்களுக்கு டபுள்ஸ் போட்டி வருது. ரெண்டு பேர் வயசையும் கூட்டினா 120க்கு மேல இருக்கணும். நீங்க வந்தா அப்பா ஆடுவாரு."

எனக்கு 66, அவனுக்கு 67. கூட்டினால் 133. தகுதி தாராளமாக இருந்தது.

2023 டிசம்பர் முதல் இந்தியர்களுக்கு மலேசியாவில் 30 நாள் வரை தங்க விசா வேண்டாம். திருச்சியில் ஏறினால் நாலு மணி நேரத்தில் கோலாலம்பூர். கடிகாரத்தை இரண்டரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்துக்கொண்டு, அங்கிருந்து சுமார் 200 கிலோமீட்டர் ரயிலில் போனேன். ஈப்போ நெருங்க நெருங்க, சமதரையில் திடீர் திடீரென்று செங்குத்தாகச் சுண்ணாம்புக்கல் மலைகள் எழுந்து நிற்கின்றன. அவற்றின் குகைகளில் கோயில்களே கட்டியிருக்கிறார்கள்.

ஸ்டேஷனில் என்னைப் பார்த்ததும் கட்டிக்கொண்டான். "எப்படா வந்தே?" என்றான். சொன்னேன். காரில் ஏறியதும், "எப்படா வந்தே?" என்றான். ராத்திரி சாப்பிடும்போது மறுபடியும். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். ஒவ்வொரு முறையும் முதல் தடவை கேட்டது போலவே பதில் சொன்னேன். ஒன்றாம் வகுப்புக்கு முப்பது வருஷம் பாடம் எடுத்தவனுக்கு அது பெரிய விஷயமில்லை.

மறுநாள் காலை அவனை மைதானத்துக்குக் கூட்டிப் போனோம். மட்டையைக் கையில் வாங்கியவுடன் ஆளே மாறிவிட்டான். அதே பேக்ஹேண்ட், மார்க்கர் அண்ணன் சொல்லிக் கொடுத்த அதே கைப்பிடி. காலையில் என்ன சாப்பிட்டோம் என்பது நினைவில்லாதவனுக்குப் பந்து எங்கே விழும் என்பது தெரிந்தது. டாக்டர் சொன்னாராம்: நேற்று நடந்ததை மூளை வைத்துக்கொள்ளும் இடம் வேறு, கை பழகிய வேலையை வைத்துக்கொள்ளும் இடம் வேறு, இந்த நோயில் பெரும்பாலும் முதலாவதுதான் முந்திப் போகும். விளையாட்டு நோயைக் குணப்படுத்தாது, ஆனால் உடம்புக்கும் மனசுக்கும் நல்லது. மணலில் விரலால் எழுத வைத்து உங்களுக்கு 'அ' சொல்லிக் கொடுத்தோமே, அது எங்கே போய் உட்கார்ந்தது என்று அன்றுதான் எனக்குப் புரிந்தது.

போட்டியில் எங்கள் பிரிவில் நாலு ஜோடி. எட்டு கேம் முதலில் எடுப்பவர்களுக்கு வெற்றி. நடுவர் இல்லாததால், சர்வீஸ் போடுகிறவர் ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் கணக்கை உரக்கச் சொல்ல வேண்டும். அங்கேதான் அவனுக்குச் சிக்கல். அவன் முறை வரும்போதெல்லாம் பந்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்ப்பான். நான் நெட் அருகே நின்றபடி, ஏதோ என் பழக்கம் போல, "தர்ட்டி பிஃப்டீன்" என்று சத்தமாகச் சொல்லிவிடுவேன். முதல் ஆட்டம் 3-8, தோற்றோம்.

இரண்டாவது ஆட்டத்தில் பக்கம் மாறும்போது, அவன் எதிராளிகளோடு நடந்து போய் அவர்கள் பக்கத்திலேயே நின்றுவிட்டான். ஒரு நிமிஷம் மைதானமே அமைதியானது. அவன் முகம் வெளிறிவிட்டது. மகள் சொன்ன பயம் இதுதான். நான் போய்த் தோளில் கை போட்டு, "வாடா, நம்ம வீடு இந்தப் பக்கம்" என்று அழைத்து வந்தேன். எதிரணியில் எழுபதைத் தாண்டிய சீனப் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் ஒன்றும் பேசவில்லை. அடுத்த புள்ளியிலிருந்து, சர்வீஸ் யாருடையதாக இருந்தாலும், அவரே கணக்கை எல்லாருக்கும் கேட்கும்படி சொல்ல ஆரம்பித்தார். நான் அவரைப் பார்த்தேன். அவர் நெட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த ஆட்டத்தை 8-6 என்று ஜெயித்தோம். கடைசிப் புள்ளி அவன் அடித்த பேக்ஹேண்ட்தான். மூன்றாவதில் மறுபடியும் தோல்வி, கோப்பை வேறு யாருக்கோ போனது. சாயங்காலம் மழை பெய்துகொண்டிருக்க, காபி குடிக்கும்போது, "இன்னிக்கு ஜெயிச்சோமாடா?" என்றான். "ஜெயிச்சோம், உன் பேக்ஹேண்ட்ல" என்றேன். குழந்தை மாதிரி சிரித்தான். கால் மணி நேரம் கழித்து மறுபடியும் கேட்டான். அந்த ஒரே ஆட்டத்தை அன்று நாலு தடவை ஜெயித்தோம்.

இப்போது அவன் வாரம் மூன்று நாள் ஆடப் போகிறானாம். அந்தச் சீனப் பெரியவர்தான் வந்து கூட்டிப் போகிறார்.

அவனும் மகளும் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன். உலகத்தில் 5.5 கோடிக்கும் அதிகமானவர்களுக்கு இந்த நோய் இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உங்கள் வீட்டுப் பெரியவரும் அதில் ஒருவராக இருக்கலாம். கேட்டதையே கேட்டால் "இப்பதானே சொன்னேன்" என்று சொல்லாதீர்கள். "நான் யாருன்னு தெரியுதா?" என்று பரீட்சை வைக்காதீர்கள். கோலமோ, பூத்தொடுப்பதோ, தாயமோ, அவர் கை பழகிய வேலையைக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள்.

ஈப்போ பக்கம் வேலையில் இருக்கும் என் மாணவர்கள் எனக்குத் தனியாக எழுதுங்கள், அவன் முகவரி தருகிறேன். ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். போனவுடன் உங்கள் பெயரை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்