தலையெழுத்தும் அச்செழுத்தும்

"எழுதியதை அழிக்கவா முடியும்? அவள் தலையில் அவ்வளவுதான் எழுதியிருக்கிறது!" என் அத்தையாரைக் குறித்து உற்றாரும் ஊராரும் உரைத்த தீர்ப்பு இது. எழுதியவன் எவன், எழுதியதை ஒருமுறையேனும் மெய்ப்புப் பார்த்தவன் எவன் என்று தீர்ப்பு வழங்கியோரில் ஒருவரும் கேட்டாரில்லை. கேட்டிருந்தால், பிழை எங்கே இருக்கிறது என்பது அன்றே விளங்கியிருக்கும்.

அத்தையார் பத்தாம் வகுப்புத் தேறியவர். தமிழில் பள்ளிக்கே முதல்வர். அடுத்த வகுப்பின் வாயிலை மிதிக்குமுன் மணவறையில் அமர்த்தப்பட்டார். பிறகு முப்பது ஆண்டுகள் அடுப்பு, துணி, பிள்ளைகளின் நோய், பெரியவர்களின் ஏச்சு. விரித்துரைக்க வேண்டுவதில்லை, தோழர்களே! அவரவர் வீட்டு அடுக்களையை எட்டிப் பார்த்தால் போதும். 47ஆம் வயதில் கணவரை இழந்தார். 2014இல், 49ஆம் வயதில், திருச்சியில் ஓர் அச்சகத்தில் தாள் மடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். "இந்த வயதில் வேலையா?" என்று கேட்டனர், ஒருவேளைச் சோறு போட முன்வராதவர்கள்.

பதினாறு பக்கம் கொண்டது ஒரு பாரம். அச்சாகி வரும் பெரிய தாளை மூன்று முறை மடித்தால் பக்கங்கள் வரிசையில் அமையும். மடிப்பவர் படிக்க வேண்டியதில்லை. பக்க எண் பொருந்தினால் போதும், கூலி உண்டு. அத்தையார் படித்தார். மடித்துக்கொண்டே படித்தார். ஒருநாள் இளைஞர் மாநாட்டு மலர் ஒன்றின் பாரத்தை மடித்தவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். மேலாளர் வந்தார், காரணம் கேட்டார். "இளைஞர்கள் வேலைக் கேட்டுப் பேரணி என்று போட்டிருக்கிறீர்களே, ஐயா! வேலை கேட்டுப் போனார்களா, முருகனிடம் வேலைக் கேட்டுப் போனார்களா?"

ஒரே ஒரு 'க்'! அது இல்லாதபோது பிழைப்புக் கேட்கும் இளைஞர் கூட்டம். அது வந்து ஒட்டிக்கொண்டால் வேல் கேட்கும் பக்தர் கூட்டம். அந்தப் பாரம் அச்சேறி முடிந்துவிட்டது. எஞ்சிய பாரங்களின் மெய்ப்பு அன்று மாலையே அத்தையார் கைக்கு வந்தது. (கல்லூரியில் மூன்றாண்டுகள் தமிழ் பயின்றவன் நான். ஒற்று மிகும் இடம், மிகா இடம் எல்லாம் அங்கே நூற்பாவாகக் கேட்டேன். இந்தப் பேரணியால்தான் விளங்கிக்கொண்டேன்.)

எழுத்து என்பது மாறாதது அன்று என்பதை அத்தையார் பள்ளியிலேயே கண்டவர். 'லை', 'ளை', 'னை' ஆகியவற்றை யானைத் துதிக்கைபோல் சுழித்து எழுதப் பழகிய கை அவருடையது. 1935இல் 'குடிஅரசு' இதழில் பெரியார் தொடங்கிவைத்த எழுத்துச் சீர்திருத்தத்தை, 1978இல் தமிழ்நாட்டு அரசு ஆணையாக்கிற்று. பழைய துதிக்கைகள் போயின. அவர் படித்துக்கொண்டிருந்தபோதே போயின. எழுத்தைத் தொட்டால் மொழி கெடும் என்று அலறியோர் இருந்தனர். கெடவில்லை. பிள்ளைகளுக்குப் படிப்பது எளிதாயிற்று, அச்சுக் கோப்போர்க்குச் சுமை குறைந்தது. "துதிக்கையை ஓர் ஆணையால் எடுக்க முடிந்தது, தம்பி! தலையெழுத்து மட்டும் கல்வெட்டா?" என்று அத்தையார் என்னைக் கேட்டதுண்டு.

மெய்ப்புப் பணி தொடங்கிற்று. கூடவே வந்தது ஒரு வினை. திருமண அழைப்பிதழ் அடிக்க வந்த ஒருவர், மெய்ப்புப் பார்ப்பது கணவனை இழந்த பெண் என்று அறிந்ததும் கொதித்தார். படித்தவர், கையில் கணிப்பொறி, நெஞ்சில் பஞ்சாங்கம். "மங்கலப் பத்திரிகையை இவர் தொடலாமா?" என்றார். அச்சக உரிமையாளர் வணிகர், வாதிடவில்லை. அழைப்பிதழ்கள் அத்தையார் மேசையிலிருந்து அகற்றப்பட்டன. அந்த இடத்தில் நூல்களின் மெய்ப்புகள் வந்து குவிந்தன. தாலியில்லாக் கழுத்தைக் கண்டு அஞ்சிய மூடத்தனம், தன்னை அறியாமலே ஒருவரைப் புத்தக உலகின் நடுவில் கொண்டுபோய் உட்கார வைத்தது. அதற்காக மூடத்தனத்துக்கு நன்றி கூற வேண்டியதில்லை. அந்த மங்கலப் பத்திரிகையில் மணமகன் பெயரே பிழையாக அச்சாயிற்று என்று பின்னர்க் கேள்வியுற்றேன்.

மெய்ப்புத் திருத்துவது வேறு, நூலைச் செப்பனிடுவது வேறு. முன்னதற்கு மூலப்படி ஒன்று உண்டு. அதில் உள்ளது இதில் உளதா என்று பார்த்தால் தீர்ந்தது. பின்னதற்கு மூலமே இல்லை. எழுதியவர் சொல்ல நினைத்தது என்ன, சொல்லியிருப்பது என்ன, இரண்டுக்கும் இடையே உள்ள பள்ளம் எவ்வளவு என்று அளக்க வேண்டும். ஆண்டு சரியா, பெயர் சரியா, சென்ற பக்கத்தில் சொன்னதை இந்தப் பக்கம் மறுக்கிறதா என்றெல்லாம் ஐயுற வேண்டும். ஐயுறுவது தொழிலாகவே அமைந்துவிட்ட இடம் அது! க்ரியா நிறுவனம் 1992இல் முதன்முதல் வெளியிட்ட தற்காலத் தமிழ் அகராதியை வாங்கி வைத்துக்கொண்டார். பழஞ்சொல் வந்தால் நூலகம் சென்று, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியைப் புரட்டுவார். ஆனால் அகராதிக்கு அடிமையானவர் அல்லர். 'முயற்சிக்கிறேன்' என்று கதையில் ஒரு பாத்திரம் பேசினால் விட்டுவிடுவார். கட்டுரையில் வந்தால் 'முயல்கிறேன்' என்று மாற்றுவார்.

பெயர்களில்தான் அவருடைய சிவப்பு மை மிகுதியாகச் செலவாகும். 1925இல் 'குடிஅரசு' தொடங்கியபோது அதன் ஆசிரியர் பெயரோடு ஒட்டியிருந்த சாதிப் பட்டம் 1927 முடிவதற்குள் உதிர்ந்தது. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, சாதிப் பட்டங்களை விட்டொழிக்கத் தீர்மானித்தது. இவ்வளவுக்குப் பிறகும், பட்டத்தைத் துறந்தவர்களின் பெயரிலேயே அந்த வாலை மீண்டும் ஒட்டி எழுதுவோர் இருக்கின்றனர். அத்தையார் வெட்டிவிடுவார். ஆனால் உயிரோடிருக்கும் ஓர் ஆசிரியர், தாமே விரும்பித் தம் பெயருக்குப் பின்னால் பட்டம் போட்டுக்கொண்டால் வெட்டமாட்டார். பக்க ஓரத்தில் 'தேவைதானா?' என்று மட்டும் எழுதுவார். நானாக இருந்தால் வெட்டியிருப்பேன்.

2019இல் நேர்ந்தது சோதனை. அந்த அச்சகத்தில் உள்ளூர் இதழ் ஒன்று அச்சாகி வந்தது. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய தொழிலாளி ஒருவர் நச்சுக்காற்றால் மாண்ட செய்தி அதில் இருந்தது. இறங்கச் சொன்ன ஒப்பந்தக்காரர் 'தெரிவித்தார்'. இறங்கி மாண்டவரோ 'இறந்தான்'. ஒரே பத்தி, இரண்டு மனிதர், இரண்டு விகுதி! 'ஆன்' என்பதை அடித்து 'ஆர்' என்று எழுதினார் அத்தையார். அதோடு நிற்கவில்லை. "பாதுகாப்புக் கருவியின்றிக் கழிவுநீர்த் தொட்டியில் ஆளை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. செய்தியில் அது இல்லையே?" என்று ஓரத்தில் கேட்டும் வைத்தார்.

இதழின் உரிமையாளர் சீறி வந்தார். "ஒற்றுப் பார்ப்பதுதானே உன் வேலை?"

"ஆமாம் ஐயா. உயிருள்ளவருக்கு ஒரு விகுதி, உயிரை விட்டவருக்கு ஒரு விகுதி என்று எந்த இலக்கணத்திலும் நான் படிக்கவில்லை."

மேலாளர் நடுங்கினார், திருத்தத்தை அழித்துவிடுமாறு வேண்டினார். "வேண்டுமானால் உங்கள் கையால் அழித்துக்கொள்ளுங்கள். கீழே உங்கள் பெயரையும் எழுதிவிடுங்கள்" என்று தாளை நகர்த்தி வைத்தார் அத்தையார். மேலாளர் பேனாவை எடுத்தார், வைத்தார். 'இறந்தார்' என்றே அச்சாயிற்று. சட்டம் பற்றிய வரி மட்டும் சேரவில்லை.

அடுத்த இதழ் வேறு அச்சகத்துக்குப் போயிற்று. அத்தையாருக்கு வாரம் மூன்று நாள் மட்டுமே வேலை என்றாயிற்று, கூலி பாதியாயிற்று. "சொன்னோமே, கேட்டாளா?" என்று மீண்டும் கூடிற்று உறவினர் கூட்டம். வீட்டில் அரிசிக்குக் கணக்குப் பார்த்த நாள்கள் அவை. அதை மறைத்து வீரம் பாட நான் விரும்பவில்லை. ஆனால் மேசையில் இருந்த தாளைப் பார்த்தவர் அச்சுக்கு நூல் கொடுக்க வந்த பேராசிரியர் ஒருவர். தம் ஆராய்ச்சி நூலைச் செப்பனிட்டுத் தருமாறு வீடு தேடி வந்தார். அவரைத் தொடர்ந்து இன்னும் இருவர் வந்தனர். 55ஆம் வயதில், அச்சகத்தை விட்டு, செப்பனிடும் பணியையே முழுநேரத் தொழிலாக மேற்கொண்டார்.

இன்றும் அதுவே அவர் தொழில். காலையில் நான் பள்ளிக்குப் புறப்படும்போது அகராதியைத் திறப்பவர், மாலையில் நான் திரும்பும்போது யாரோ ஓர் ஆசிரியரோடு தொலைபேசியில் வாதிட்டுக்கொண்டிருப்பார். கண்ணாடியை இருமுறை மாற்றியாயிற்று. கூலி பெரிதில்லை, நேரத்துக்கு வருவதுமில்லை. பழைய அச்சகத்தில் அவர் அமர்ந்த மடிப்பு மேசையில் இப்போது ஓர் இளம்பெண் இருக்கிறார். அவரும் மடித்துக்கொண்டே படிப்பவராம். சனிக்கிழமை மாலைதோறும் அத்தையாரிடம் இலக்கணம் கற்க வருகிறார். இரண்டாம் வேற்றுமை முடிந்திருக்கிறது.